டிசம்பரில் நின்றுபோகும் இருமல்

தென்னாப்பிரிக்காவில் தொழிற்சாலை மருத்துவ அறைகளில் 31 ஆண்டுகள் செவிலியாக இருந்தவர், வேலையும் உடல்நலமும் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

*

அன்புள்ள அக்கா, என் கணவருக்கு 44 வயது. டர்பனின் ஜேக்கப்ஸில், கார் ஒடுக்கெடுக்கும் ஒரு பேனல் பீட்டிங் பட்டறையில் 17 ஆண்டுகளாகக் கார்களுக்கு ஸ்பிரே பெயின்ட் அடிக்கிறார். மூன்று ஆண்டுகளாக இரவு இருமல். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம். தலையணையைச் சுவரில் சாய்த்து வைத்து உட்கார்ந்தபடியே தூங்குகிறார். கிளினிக்கில் ஆஸ்துமா என்று சொல்லி, வாயில் வைத்து இழுக்கும் மருந்துப் பம்ப் கொடுத்தார்கள். டிசம்பரில் பட்டறை மூன்று வாரம் மூடியிருந்தபோது மட்டும் நன்றாக இருந்தார். பம்பைத் தொடவே இல்லை. ஜனவரியில் வேலை தொடங்கிய இரண்டாம் வாரமே பழைய நிலைமை. முதலாளியிடம் சொன்னதற்கு, “நீ இருப்பது மியர்பேங்க். அங்கே எல்லாருக்கும் ஆஸ்துமாதான். சிகரெட்டும் பிடிக்கிறாய். பட்டறை மேல் பழி போடாதே” என்கிறார். இப்போது 15,000 ராண்ட் தருவதாகச் சொல்லி ஒரு தாளை நீட்டியிருக்கிறார். உடல்நலக் காரணத்தால் நானாகவே வேலையை விடுகிறேன், இனி எந்தக் கோரிக்கையும் எனக்கில்லை என்று அதில் எழுதியிருக்கிறது. வீட்டுக் கடன் இருக்கிறது. மகள் மெட்ரிக் படிக்கிறாள். கையெழுத்துப் போடலாமா? முதலாளி மேல் வழக்குப் போட முடியுமா?

— பெயர் வேண்டாம், மியர்பேங்க்

தங்கச்சி, அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் போட்டிருந்தாலும் கலங்காதீர்கள். அதற்கும் வழி உண்டு, பின்னால் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை ஒரு வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டேன். ‘டிசம்பரில் பம்பைத் தொடவே இல்லை’ என்ற வரி. உங்கள் வழக்கின் உயிர் அதில் இருக்கிறது. நீங்கள் அதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கிளினிக்கில் அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், உங்கள் கணவரும் சொல்லியிருக்க மாட்டார். அதனால்தான் அவருடைய அட்டையில் ‘ஆஸ்துமா’ என்று மட்டும் இருக்கிறது. ‘வேலையால் வந்த ஆஸ்துமா’ என்று இல்லை. அந்த இரண்டு சொற்கள் இல்லாமல்தான் நம் ஆட்கள் எத்தனையோ பேர் ஒரு ராண்ட் கூடப் பெறாமல் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

என் அப்பா அப்படிப் போனவர். ஒரு துணி ஆலையில் சாயம் கலக்கும் அறையில் வேலை. சாயத்தூளை மூட்டையிலிருந்து அள்ளி எடைபோட்டுத் தொட்டியில் கொட்ட வேண்டும். முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொள்வார். அதுதான் அவருக்குக் கிடைத்த பாதுகாப்பு. அம்மா அந்தக் கைக்குட்டைகளை எத்தனை முறை வெளுத்தாலும், மூக்கு படும் இடத்தில் ஒரு நீலத் திட்டு போகவே போகாது. அப்பாவும் இரவில் உட்கார்ந்தே தூங்கினார். தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருப்பார், அந்தப் பத்து நாளும் லீவு போடுவார். அப்போது மட்டும் கட்டிலில் நீட்டிப் படுத்து, குறட்டை விட்டுத் தூங்குவார். முருகன் அருள் என்று அம்மா கையெடுத்துக் கும்பிடுவாள். அம்மாவின் நம்பிக்கையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் பத்து நாள் வந்த மூச்சு பதினோராம் நாள் ஏன் போனது என்று எங்களிடம் ஒரு டாக்டரும் கேட்கவில்லை. அவர் இறந்தபோது சான்றிதழில் மூச்சுக்குழாய் நோய் என்று எழுதினார்கள். ஆலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்தச் சாயத்தூளில் பல வகை ஆஸ்துமாவைக் கிளப்பக்கூடியவை என்பதைச் செவிலியர் படிப்பு முடித்து, வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் நான் தெரிந்துகொண்டேன்.

உங்கள் கணவர் விஷயத்துக்கு வருகிறேன். கார் பெயின்ட் இரண்டு டப்பாவாக வரும். ஒன்று நிறம், மற்றொன்று ஹார்ட்னர். இரண்டையும் கலந்து அடித்தால்தான் கண்ணாடிபோல் இறுகும். அந்த ஹார்ட்னரில் பெரும்பாலும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கும். வேலையால் வரும் ஆஸ்துமாவுக்கு உலகமெங்கும் நன்கு அறியப்பட்ட காரணங்களில் ஒன்று இது. இதன் சூழ்ச்சி என்னவென்றால், இதற்குத் தனியாக எச்சரிக்கும் வாசனை கிடையாது. பட்டறையில் மூக்கைத் துளைப்பது தின்னர். ஐசோசயனேட் மூக்குக்குத் தெரியும் அளவுக்கு வருவதற்குள் வரம்பு எப்போதோ தாண்டியிருக்கும். வெள்ளைக் காகித முகமூடி இதற்குச் சல்லடையால் தண்ணீர் பிடிப்பதற்குச் சமம். பெயின்ட் அடிக்கும் அடைப்பான பூத்துக்குள் நின்று அடிப்பவருக்கு வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தமான காற்று வரும் முகக்கவசம் வேண்டும்.

பல ஆண்டுகள் ஒன்றும் செய்யாமல் இருக்கும். ஒருநாள் உடம்பு அதை எதிரியாக அடையாளம் கண்டுகொள்ளும். அதன் பிறகு துளி பட்டாலும் போதும். பக்கத்து பூத்தில் வேறொருவர் அடித்தால்கூட மூச்சு இறுகும். இன்னொன்று: தாக்கம் உடனே வரவேண்டும் என்பதில்லை. பல பேருக்கு நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்துத்தான் வரும். பகல் இரண்டு மணிக்கு அடித்த பெயின்ட் இரவு பத்து மணிக்கு இரும வைக்கும். வேலையிடத்தில் நன்றாக இருந்து வீட்டில் இருமினால், வீட்டின் மேல்தான் சந்தேகம் வரும். முதலாளிக்கு வசதியாகப் போவதும் அதுதான்.

மியர்பேங்க் காற்றைப் பற்றி அவர் சொன்னது பொய் என்று நான் சொல்லமாட்டேன். 1954 முதல் 2020 வரை பக்கத்து வென்ட்வொர்த்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஓடியது. 2022 வரை ஓடிய இன்னொரு சுத்திகரிப்பு ஆலை, காகித ஆலை எல்லாம் நம் வாசலுக்கு அருகிலேயே. செட்லர்ஸ் தொடக்கப் பள்ளியில் நடந்த ஆய்வில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆஸ்துமா இருப்பதாகத் தெரிந்தபோது இந்த ஊரே நடுங்கியது. ஆனால் முதலாளியின் வாதத்தை அவரிடமே திருப்பிக் கேளுங்கள். டிசம்பரில் உங்கள் கணவர் எங்கே இருந்தார்? மூன்று வாரமும் மியர்பேங்கில்தானே, அதே வீட்டில், அதே காற்றில்? ஊர்க்காற்று காரணமென்றால், நாள் முழுக்க வீட்டிலிருக்கும் ஞாயிற்றுக்கிழமை மோசமாகவும் பட்டறைக்குப் போகும் வியாழக்கிழமை நன்றாகவும் இருக்க வேண்டும். சிகரெட்டும் அப்படித்தான், விடுமுறையில் அவர் சிகரெட்டை விட்டுவிட்டாரா என்ன? (விடச் சொல்லுங்கள். அது வேறு காரணத்துக்காக. புகைபிடிப்பவர் என்பதற்காக இழப்பீட்டு உரிமை போய்விடாது.)

இதை வாயால் சொல்லி யாரும் நம்பப்போவதில்லை, தாளில் காட்ட வேண்டும். மருந்துக்கடையில் பீக் ஃப்ளோ மீட்டர் என்று கேளுங்கள். ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் குழாய், பக்கவாட்டில் எண்கள், நடுவே ஒரு சின்ன முள். விலை அதிகமில்லை. நின்றுகொண்டு மூச்சை முழுக்க இழுத்து, ஒரே வேகத்தில் ஊத வேண்டும். மூன்று முறை ஊதி, அதில் பெரிய எண்ணை எழுத வேண்டும். எழுந்ததும், மதியம், வேலை முடிந்ததும், படுக்கும் முன்னும் என்று நாளுக்குக் குறைந்தது நான்கு வேளை. நான்கு வாரம் விடாமல், ஓய்வு நாட்களும் சேர்த்து, ஒரே மீட்டரில். மகளின் பழைய பள்ளி நோட்டு ஒன்றை எடுத்து, எண்ணுக்குப் பக்கத்தில் அன்று என்ன வேலை, எத்தனை மணி நேரம் அடித்தார், எத்தனை முறை பம்ப் எடுத்தார் என்று எழுதுங்கள். நான் மருத்துவ அறையில் இருந்தபோது இப்படி ஒருவர் நோட்டு எழுதிக்கொண்டு வந்தார். ஞாயிறு காலை 480. செவ்வாய் மாலை 410. வியாழன் இரவு 320. அடுத்த ஞாயிறு மறுபடி 470. நான்கு வாரமும் அதே ஏற்ற இறக்கம், பட்டறையின் வேலை அட்டவணையை வரைந்ததுபோல. அந்த நோட்டைப் பார்த்த நுரையீரல் நிபுணர் ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை.

ஒரு எச்சரிக்கை. மூச்சுத்திணறல் கடுமையாக இருந்தால் நோட்டுக்காக அவரை வேலைக்கு அனுப்பாதீர்கள். இந்த ஆஸ்துமா ஆளைக் கொன்ற சம்பவங்கள் உண்டு. டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

நோட்டோடு ஹார்ட்னர் டப்பாவின் லேபிளையும் போனில் படம் எடுத்துவரச் சொல்லுங்கள். ஒவ்வொரு ரசாயனத்துக்கும் ஒரு பாதுகாப்புத் தகவல் தாள் உண்டு. அதைத் தொழிலாளிக்குக் காட்டுவது முதலாளியின் சட்டக் கடமை. வேலையிடத்தில் மூச்சுப் பரிசோதனை ஏதாவது நடந்திருந்தால் அந்தப் பதிவுகளையும் கேளுங்கள். அவற்றைக் குறைந்தது 30 ஆண்டுகளாவது பாதுகாத்து வைத்திருக்க வேண்டும். ‘காணோம்’ என்ற பதில் செல்லாது. இவற்றோடு டாக்டரிடம் போய், வேலை தொடர்பான ஆஸ்துமாவா என்று பார்த்து எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கெஞ்ச வேண்டாம். வேலையால் வந்த நோய் என்று கருதும் டாக்டர் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. டாக்டருக்குத் தயக்கமிருந்தால், தொழில்சார் மருத்துவம் பார்க்கும் பிரிவுக்கு அனுப்பும்படி கேளுங்கள்.

வழக்குப் போட முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். சொந்த முதலாளி மேல் முடியாது. 1993-ஆம் ஆண்டின் தொழில் விபத்து, தொழில் நோய் இழப்பீட்டுச் சட்டம், 35-ஆம் பிரிவு அந்தக் கதவை அடைத்துவிட்டது. பலர் இதைக் கேட்டதும் மனம் உடைந்து போகிறார்கள். ஆனால் அதற்கு ஈடாக அந்தச் சட்டம் ஒன்றைத் தருகிறது: முதலாளி தவறு செய்தார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. பணம் அரசின் இழப்பீட்டு நிதியத்திலிருந்து வரும். முதலாளிகள் ஆண்டுதோறும் கட்டும் தொகை அது. உங்கள் கணவர் சம்பளத்தில் இதற்காக ஒரு காசு பிடிக்கக்கூடாது. பட்டறை நிதியத்தில் பதிவு செய்திருக்காவிட்டாலும் தொழிலாளியின் உரிமை போகாது, அபராதம் முதலாளிக்குத்தான்.

அதைவிட முக்கியம் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை. எந்த வேலையில் எந்த நோய் என்று ஒரு பட்டியல். ஐசோசயனேட்டால் வரும் ஆஸ்துமா அதில் பெயர் சொல்லியே இருக்கிறது. பட்டியலில் உள்ள நோய், பட்டியலில் உள்ள பொருளோடு வேலை என்றால், நோய் வேலையால்தான் வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பொறுப்பு எதிர்த்தரப்புக்கு. டப்பா லேபிளை ஏன் படம் எடுக்கச் சொன்னேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

கேட்டோ ரிட்ஜில் தோர் கெமிக்கல்ஸ் ஆலையில் பாதரசக் கழிவோடு வேலை செய்த ஜூலுத் தொழிலாளர்கள் நஞ்சேறி நடுங்கியதும், சிலர் இறந்ததும் நினைவிருக்கும். இங்கே கதவு அடைத்திருந்ததால் அவர்கள் தாய்க் கம்பெனி இருக்கும் இங்கிலாந்துக்கே போய் வழக்காடினார்கள். 1997-இல் 13 லட்சம் பவுண்டுக்கு உடன்பாடு ஆனது. ஜேக்கப்ஸ் பட்டறைக்கு லண்டனில் தாய்க் கம்பெனி இருக்காது. அந்த வழி உங்களுக்கு இல்லை. ஆனாலும் அவர்கள் ஜெயித்த கதையை நான் எங்கும் சொல்லாமல் விடுவதில்லை.

இனி நாட்கணக்கு. இதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். நோய் தொடங்கியதிலிருந்து 12 மாதத்துக்குள் முதலாளிக்கோ இழப்பீட்டு ஆணையருக்கோ தெரிவிக்க வேண்டும். தொடக்கம் என்பது பொதுவாக டாக்டர் முதன்முதலில் நோயைக் கண்டறிந்த நாள். மூன்று ஆண்டு இருமலாயிற்றே, காலம் கடந்துவிட்டதே என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். அட்டையில் இதுவரை எழுதியிருப்பது வெறும் ஆஸ்துமா. வேலையால் வந்தது என்று டாக்டர் எழுதியதும், ஒரு வாரம்கூடத் தாமதிக்காமல் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். தெரிந்துகொண்ட 14 நாட்களுக்குள் முதலாளி நிதியத்துக்கு அறிவிக்க வேண்டும். அதற்கு அவர் நிரப்ப வேண்டியது டபிள்யூ.சி.எல். 1 என்ற படிவம். உங்கள் கணவர் நிரப்புவது 14-ஆம் எண். டாக்டரின் முதல் அறிக்கை 22, பிந்தைய அறிக்கை 26. எந்தெந்த வேலையில் எந்தப் பொருளோடு எத்தனை ஆண்டு என்று எழுதுவது 110. முதலாளி 1-ஐ நிரப்ப மறுத்தால், மறுத்ததைச் சொல்லும் உறுதிமொழிப் பத்திரம் ஒன்றைப் போலீஸ் நிலையத்தில் முத்திரை வாங்கி, மற்ற தாள்களோடு தொழிலாளர் துறையின் உள்ளூர் அலுவலகமான தொழிலாளர் மையத்தில் நேராகக் கொடுக்கலாம். கொடுக்கும் ஒவ்வொரு தாளிலும் ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும், அதில் தேதி முத்திரை விழட்டும். கோரிக்கை எண் வந்ததும் அதை வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள். நிதியம் மெதுவாகத்தான் நகரும். மாதக்கணக்கில் பதில் வராது. எண் இல்லாமல் போனால் உங்கள் பெயரே அங்கே யாருக்கும் தெரியாது.

என்ன கிடைக்கும்? வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் 75 சதவீதம், சட்டம் வைத்திருக்கும் உச்ச வரம்புக்குள். முதல் மூன்று மாதம் அதை முதலாளியே கொடுத்துவிட்டு நிதியத்திடம் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். மருத்துவச் செலவு பொதுவாக இரண்டு ஆண்டு வரை, சிகிச்சையால் ஊனம் குறையுமென்றால் அதற்கு மேலும். நிரந்தர பாதிப்பு 30 சதவீதம் வரை என்று மதிப்பிட்டால் மொத்தமாக ஒரு தொகை, அதைத் தாண்டினால் மாத ஓய்வூதியம். காற்றுக்குழாய் கவசம் கொடுக்காதது போன்ற அலட்சியத்தைக் காட்ட முடிந்தால், கூடுதல் இழப்பீடு கேட்க 56-ஆம் பிரிவு உண்டு. அதற்குத் தனி விண்ணப்பம், 24 மாத அவகாசம். நிதியம் மறுத்தாலோ குறைத்தாலோ 180 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம்.

இதையெல்லாம் 15,000 ராண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்தச் சட்டப்படியான உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று சட்டமே சொல்கிறது. அதனால் கையெழுத்துப் போட்டிருந்தாலும் இழப்பீட்டுக் கோரிக்கை சாகாது. சாவது வேலை. தானாக விலகியவருக்கு வேலையின்மைக் காப்பீட்டுப் பணமும் கிடைக்காது. அந்தத் தாளின் உண்மையான நோக்கம் அதுதான் என்று நினைக்கிறேன்.

வேலையை விடாமல் பெயின்ட்டை மட்டும் விட வேண்டும். இது கட்டாயம். பெயின்ட்டோடு இருக்கும் ஒவ்வொரு மாதமும் நுரையீரலில் மீளாத சேதம் கூடுகிறது; சீக்கிரம் விலகியவர்களே நன்றாகத் தேறுகிறார்கள். உதிரிபாகக் கடை, வரவேற்பு மேசை, வண்டி எடுத்துவிடுவது என்று பூத்தின் காற்று எட்டாத வேறு வேலை தரும்படி எழுத்தில் கேளுங்கள். வேலையே நோயைத் தந்திருக்கும்போது மாற்று வேலை தேடித் தரும் கடமை முதலாளிக்குக் கூடுதலாக உண்டு. மீறி நீக்கினால் 30 நாட்களுக்குள், வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் சமரச ஆணையமான சி.சி.எம்.ஏ.விடமோ, உங்கள் தொழிலின் முதலாளிகளும் சங்கங்களும் சேர்ந்து நடத்தும் பேரக் கவுன்சிலிடமோ போக வேண்டும். அவர் சங்கத்தில் இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் சங்கத்தின் பட்டறைப் பிரதிநிதியான ஷாப் ஸ்டூவர்டைக் கூட்டிக்கொண்டு போய்த்தான் முதலாளியிடம் பேச வேண்டும்.

கடைசியாக ஒன்று. பணியில் சேர்ந்த முதல் ஆண்டுகளில், இருமிக்கொண்டு வந்த எத்தனையோ பேருக்கு நானே ‘சளி, வேலைக்குத் திரும்பலாம்’ என்று அட்டையில் எழுதியிருக்கிறேன். என் அப்பாவைப் பார்த்து வளர்ந்த நானே. அவர்களில் சிலரின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதினேன். நோட்டை இன்றே தொடங்குங்கள். முதல் பக்கத்தில் டிசம்பர் மூடல் எந்தத் தேதியில் தொடங்கியது, எந்த இரவு முதல் அவர் படுத்துத் தூங்கினார், ஜனவரியில் எந்த இரவு மறுபடி உட்கார்ந்தார் என்று உங்கள் நினைவில் இருப்பதை எழுதி, நீங்களே கையெழுத்துப் போடுங்கள். அந்த இரவுகளுக்கு உங்களைத் தவிர வேறு சாட்சி இல்லை.

*

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் பசை ஒட்டும் மேசையில் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்தேன். சென்ற ஆண்டிலிருந்து இரண்டு பாதமும் மரத்துப்போய், காலில் செருப்பு கழன்றால்கூடத் தெரிவதில்லை. எனக்குச் சர்க்கரை இருப்பதால் அதனால்தான் என்கிறார் டாக்டர். என்னோடு அதே மேசையில் இருந்த இரண்டு பெண்களுக்கும் இதே பிரச்சினை. அவர்களுக்குச் சர்க்கரை இல்லை. தொழிற்சாலை ஐந்து மாதத்துக்கு முன் மூடிவிட்டது. இனி யாரைக் கேட்பது?

— ஒரு வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அம்மா, அந்த இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு மூவராக டாக்டரிடம் போங்கள். தனியாகப் போனால் நீங்கள் சர்க்கரை நோயாளி. மூவராகப் போனால் நீங்கள் ஒரு பசை மேசை.

செருப்புப் பசையில் கரைப்பானாகச் சேரும் ஹெக்சேன் நரம்பைத் தாக்கும். பாதத்தில் தொடங்கி மேலே ஏறும், பிறகு கைவிரல்களுக்கும் வரும். பசையை விட்ட பிறகும் சில மாதம் கூடிக்கொண்டே போய், அதன் பின் மெல்ல மெல்லத் தேறும். அதனால் ‘வேலையை விட்டும் குறையவில்லையே’ என்று யாராவது சொன்னால் மயங்க வேண்டாம். சர்க்கரையும் நரம்பைக் கெடுக்கும் என்பது உண்மை. நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத வீடு எது? எல்லா மரப்பையும் அதன் தலையில் கட்டிவிடுவது டாக்டருக்குச் சுலபம். நரம்புக் கடத்தல் பரிசோதனைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். பசை டப்பாவின் பெயரும் கம்பெனியும் யாருக்காவது நினைவிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஜன்னல் இருந்ததா, காற்றுறிஞ்சி ஓடியதா என்பதையும்.

தொழிற்சாலை மூடியதால் ஒன்றும் கெடவில்லை. பணம் கொடுப்பது நிதியம், தொழிற்சாலை அல்ல. முதலாளி நிரப்ப வேண்டிய படிவத்துக்குப் பதில் உறுதிமொழிப் பத்திரம் என்று மேலே மியர்பேங்க் தங்கைக்குச் சொன்னதே உங்களுக்கும். பழைய சம்பளச் சீட்டுகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அங்கே வேலை செய்தீர்கள் என்பதற்கு இனி அவைதான் ஆதாரம். அந்த 12 மாதக் கணக்கு உங்களுக்கும் உண்டு. மரப்பு தொடங்கியது சென்ற ஆண்டு என்பதால் இந்த வாரமே கிளம்புங்கள். காலில் உணர்வு திரும்பும்வரை இரவில் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுப் படுங்கள். சர்க்கரைக்காரருக்குத் தெரியாமல் குத்திய முள் பெரிய ஆபத்து.

*

பீனிக்ஸில் இருக்கிறோம். எங்கள் வேலைக்காரி கழிப்பறைக் கறையை எடுக்க ஆசிடையும் ஜிக் என்ற ப்ளீச்சையும் ஒன்றாக ஊற்றிக் கதவைச் சாத்திக்கொண்டு தேய்த்திருக்கிறாள். இருமி இருமி மயங்கி விழுந்தாள். ஒரு வாரமாகியும் மூச்சு இரைக்கிறது. தவறு அவளுடையதுதான். ஆனாலும் ஆஸ்பத்திரிச் செலவை நாங்கள் ஏற்க வேண்டுமா? வீட்டு வேலைக்கு இழப்பீட்டுச் சட்டம் இல்லை என்கிறார் என் மைத்துனர்.

— ஒரு வாசகர், பீனிக்ஸ்

உங்கள் மைத்துனர் சொல்வது பழைய கதை. வீட்டுத் தொழிலாளர்களை இந்தச் சட்டம் விலக்கி வைத்திருந்தது உண்மை. மரியா மஹ்லாங்கு என்ற அம்மா, பிரிட்டோரியாவில் 22 ஆண்டுகள் ஒரே வீட்டில் உழைத்தவர், 2012-இல் அந்த வீட்டு நீச்சல் குளத்தில் விழுந்து இறந்தார். கண் பார்வை குறைந்தவர், நீச்சலும் தெரியாது. அவருடைய மகள் சளைக்காமல் போராடி, 2020 நவம்பர் 19 அன்று அரசியலமைப்பு நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கினார். வீட்டுத் தொழிலாளரை விலக்கியது செல்லாது. 1994 ஏப்ரல் 27 முதலே செல்லாது. அதனால் நீங்கள் இழப்பீட்டு நிதியத்தில் முதலாளியாகப் பதிவு செய்ய வேண்டியவர். செய்யவில்லையென்றால் இன்றே செய்யுங்கள். விபத்து நடந்த ஏழு நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். அந்த ஏழு நாள் முடிந்துவிட்டாலும் தாமதமாகவாவது அறிவிப்பதுதான் ஒழுங்கு. மருத்துவச் செலவையும் லீவுக் காலச் சம்பளத்தையும் நிதியம் கவனிக்கும்.

தவறு யாருடையது என்று நிதியம் கேட்காது. நீங்களும் கேட்க வேண்டாம். ஆசிடும் ஜிக்கும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், உலகப் போரில் ஆயுதமாகப் பயன்படுத்திய அதே வாயு. அந்த இரண்டு பாட்டிலையும் ஒரே அலமாரியில் வைத்தது யார்? ஜிக்கோடு எதையும் கலக்கக்கூடாது என்று அவருக்கு யாராவது எப்போதாவது சொன்னோமா?

ஒரு வாரம் கழித்தும் மூச்சு இரைப்பது நல்லதல்ல. ஒரேயொரு முறை கடுமையாகச் சுவாசித்ததாலேயே ஆஸ்துமா நிலைத்துவிடுவதுண்டு. நாளைக் காலை நீங்களே காரில் மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள், என்ன நடந்தது என்பதை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். என்ன திட்டு விழுமோ என்ற பயத்தில் ‘சும்மா இருமல்’ என்று அவர் சொல்லிவிடக்கூடும். வேலை போகாது, சம்பளம் நிற்காது என்பதைப் போகும் வழியிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். ஜூலுவில் சொல்ல வருமென்றால் ஜூலுவிலேயே சொல்லுங்கள்.